மௌனம் என்று பெயரிடப்பட்ட மகள்

பிரசவ அறைக்கு வெளியே கார்ன்வால் பிரபு காடோர் தவித்துக்கொண்டு நிற்கிறான். உள்ளே அவன் மனைவி எஃபெமி. எந்தக் குழந்தை பிறந்தாலும் ஊருக்கு "ஆண்" என்றே சொல்வது என்று இருவரும் முன்பே பேசி முடிவு செய்துவிட்டார்கள். அதனால் பிரசவம் பார்க்க, நம்பிக்கையான ஒரே ஒரு பெண்ணைத்தான் உள்ளே விட்டிருக்கிறார்கள். பிறந்தது பெண். கோட்டை முழுக்கப் பரவிய செய்தியோ "பையன் பிறந்திருக்கிறான்" என்பது.

குழந்தைக்கு வைத்த பெயர் சிலான்ஸ். மௌனம் என்று அர்த்தம். லத்தீனில் ஆண்பால் வடிவம் சிலென்டியுஸ். என்றைக்காவது உண்மை வெளியே வந்தால் கடைசியில் இருக்கும் "உஸ்" என்பதை எடுத்துவிட்டு "ஆ" போட்டுக்கொள்ளலாம், சிலென்டியா ஆகிவிடும் என்று தகப்பன் கணக்குப் போடுகிறான். பழைய பிரெஞ்சில் "உஸ்" என்றால் வழக்கம் என்றும் பொருள் உண்டு. இந்த "உஸ்" இயற்கையானது இல்லை என்று இந்தக் கதையைப் பாடிய கவிஞர் அந்த இடத்தில் சொல்லும்போது, அது பெயரின் ஈற்றையும் சுட்டுகிறது, நாட்டில் நடக்கும் வழக்கத்தையும் சுட்டுகிறது.

இது 13-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட ஒரு காதல் வீரக் கதைப்பாடல். 'சிலான்ஸின் கதை' என்று அழைக்கலாம். மொத்தம் 6,706 அடிகள். பாடியவர் தன் பெயரை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார்: கார்ன்வாலைச் சேர்ந்த ஹெல்த்ரிஸ். இந்தக் கதைக்கு உலகத்திலேயே ஒரு கையெழுத்துப் பிரதிதான் இருக்கிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் அருகே வொல்லட்டன் ஹால் என்ற மாளிகையில், 1911-இல் ஒரு பெட்டிக்குள்ளிருந்து அது கிடைத்தது. பெட்டியின்மேல் "பழைய காகிதங்கள், மதிப்பில்லாதவை" என்று எழுதியிருந்தது. முழுப் பாடலும் புத்தகமாக அச்சில் வர 1972 ஆனது.

கண்டெடுக்கப்பட்ட பிறகு இந்தக் கதையைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் வந்திருக்கிறார்கள். பிறப்பு பெரிதா, வளர்ப்பு பெரிதா? பெண்ணாகப் பிறந்து ஆணாக வளர்ந்தவள் யார்? அது நல்ல கேள்விதான். கதைக்குள்ளேயே இயற்கையும் வளர்ப்பும் இரண்டு பெண்களாக வந்து சண்டை போடுகிறார்கள். ஆனால் எனக்கு ஒவ்வொரு முறை படிக்கும்போதும் முதலில் கண்ணில் படுவது வேறு. இது ஒரு சொத்துத் தகராறில் தொடங்குகிறது. அந்தத் தகராறு புரிந்தால்தான், இடைக்காலக் கதைகளில் பிரபு வீட்டுப் பெண்ணின் தலைக்கு மேல் எப்போதும் ஏன் கத்தி தொங்குகிறது, அந்தக் கத்தியின் கைப்பிடி ஏன் பெரும்பாலும் கல்யாணமாகவே இருக்கிறது என்பது புரியும்.

கதையில் நடப்பது இதுதான். இங்கிலாந்தின் மன்னன் எபேன். அவன் நாட்டில் ஒரு பிரபுவுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள், ஆண் வாரிசு இல்லை. இரண்டு கோமகன்கள் ஆளுக்கொருத்தியை மணக்கிறார்கள். நிலம் மூத்தவளுக்கு. யார் மூத்தவள்? "என் மனைவிதான்" என்று இருவரும் சொல்கிறார்கள். வாக்குவாதம் முற்றி, இருவரும் நேருக்கு நேர் வாளெடுத்து மோதி, இருவருமே செத்துப்போகிறார்கள். நல்ல வீரர்கள் இரண்டு பேரை இழந்த கோபத்தில் மன்னன் ஆணையிடுகிறான்: நான் உயிரோடு இருக்கும்வரை இங்கிலாந்தில் எந்தப் பெண்ணுக்கும் பரம்பரைச் சொத்து கிடையாது.

சண்டை போட்டவர்கள் இரண்டு ஆண்கள். தண்டனை நாட்டிலுள்ள எல்லாப் பெண்களுக்கும். அந்த இரட்டைச் சகோதரிகளுக்குக் கதையில் ஒரு வார்த்தை வசனம்கூட இல்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த 13-ஆம் நூற்றாண்டு மக்களுக்கு இது வெறும் கற்பனையாகத் தோன்றியிருக்காது. இங்கிலாந்தில் 12-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, மகன் இல்லாத பிரபுவின் நிலத்தை மகள்கள் எல்லோரும் சமமாகப் பிரித்துக்கொள்ளும் முறை நிலைபெற்றுவிட்டது. மகன் இருந்தால் மகளுக்கு நிலத்தில் உரிமை இல்லை. அதாவது ஒரு பெண் பெரும் நிலத்துக்குச் சொந்தக்காரி ஆவது, அப்பாவும் அண்ணன் தம்பிகளும் இறந்த பிறகுதான். அவளுக்குச் சொத்து வரும்போது அவளைப் பாதுகாக்க வீட்டில் ஆள் இருக்காது. சரி, யார் பாதுகாப்பார்கள்? மன்னர்.

இங்கேதான் சிக்கல். மன்னரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்ற பிரபு இறந்து, வாரிசு வயதுக்கு வராத பிள்ளையாக இருந்தால், நிலமும் பிள்ளையும் மன்னரின் பொறுப்பில் வந்துவிடும். அந்த நிலத்தின் வருமானம் மன்னருக்கு. பிள்ளையை யாருக்குக் கல்யாணம் செய்து வைப்பது என்கிற உரிமையும் மன்னருக்கு. அந்த உரிமையை அவர் தனக்கு உழைத்தவனுக்குப் பரிசாகக் கொடுக்கலாம், பணம் வாங்கிக்கொண்டு விற்கவும் செய்யலாம். விற்றார்கள். 1185-இல் இரண்டாம் ஹென்றி மன்னரின் அதிகாரிகள் 12 மாவட்டங்களில் சுற்றி, மன்னரின் பொறுப்பில் உள்ள விதவைகளையும் பிள்ளைகளையும் கணக்கெடுத்தார்கள். அந்தச் சுருள்கள் இன்றும் இருக்கின்றன. பெண்ணின் பெயர், அவள் வயது, பிள்ளைகள் எத்தனை, நிலத்தின் மதிப்பு, அதில் எத்தனை மாடு, எத்தனை ஆடு என்று ஒரே மூச்சில் எழுதிப்போகிறார்கள். பெண்ணின் வயதும் பன்றிகளின் எண்ணிக்கையும் ஒரே பத்தியில்.

இசபெல் தெ கிளேர் என்று ஒரு பெண். அயர்லாந்தின் லென்ஸ்டர் பகுதியும், வேல்ஸ் எல்லையில் செப்ஸ்டோ கோட்டையும் அவருக்கு வரவேண்டியவை. லண்டன் டவர் கோட்டையில் மன்னரின் காவலில் இருந்தார். 1189-இல், ஏறக்குறைய 17 வயதில், வில்லியம் மார்ஷல் என்ற வீரருக்கு அவரைக் கொடுத்தார்கள். மார்ஷலுக்கு 40 வயது தாண்டிவிட்டது. குறுநிலப் பிரபு ஒருவரின் இளைய மகன், சொந்தமாக நிலம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரே கல்யாணத்தில் ராஜ்ஜியத்தின் பெரும்புள்ளிகளில் ஒருவராகிவிட்டார். இந்த ஜோடி நன்றாகவே வாழ்ந்ததாகத் தெரிகிறது. ஐந்து மகன்கள், ஐந்து மகள்கள். பிறகு நடந்ததுதான் விசித்திரம். ஐந்து மகன்களும் ஒருவர்பின் ஒருவராகப் பிரபு பட்டம் ஏற்று, ஒருவர்பின் ஒருவராக வாரிசு இல்லாமல் 1245-க்குள் இறந்துபோனார்கள். மார்ஷலின் மொத்தச் சொத்தும் ஐந்து மகள்களின் வழிக்குப் பிரிந்தது. அதில் சிபில் என்ற மகளுக்கு ஏழு பெண்கள். அவர் பங்கு மறுபடி ஏழாக உடைந்தது. இங்கிலாந்தின் மாபெரும் பிரபுக் குடும்பம் ஒன்று ஒரே தலைமுறையில் துண்டு துண்டானது. எபேன் மன்னனின் ஆணைக்குப் பின்னால் இருந்த பயம் எப்படிப்பட்டது என்று இதை வைத்து ஊகிக்கலாம்.

இசபெலுக்கு வாய்த்தது நல்ல கணவர். எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. ஜான் மன்னர் தன்னுடைய முன்னாள் மனைவியையே விற்றார். க்ளோஸ்டர் சீமாட்டி இசபெலாவுடனான அவருடைய திருமணம் 1199-இல் ரத்தானது. ஆனால் அந்த அம்மாவை மன்னர் தன் பிடியிலேயே வைத்திருந்து, 1214-இல் ஜெஃப்ரி தெ மாண்டவில் என்ற பிரபுவுக்கு மணமுடித்து வைத்தார். விலை 20,000 மார்க். ஒரு மார்க் என்பது மூன்றில் இரண்டு பவுண்டு. அப்படியென்றால் 13,000 பவுண்டுக்கு மேல், அந்தக் காலத்தில் நினைத்துப்பார்க்கவே முடியாத தொகை.

மறுத்துப் பார்த்தவர்களும் உண்டு. ஒமால் சீமாட்டி ஹாவிஸ் 1189-இல் கணவரை இழந்தார். அடுத்த வருடமே ரிச்சர்டு மன்னர் தன் கப்பற்படைத் தளபதிகளில் ஒருவரை மணக்கச் சொன்னார். ஹாவிஸ் முடியாது என்றார். மன்னரின் ஆட்கள் வந்து அவருடைய உடைமைகளைக் கைப்பற்றினார்கள். வேறு வழியில்லாமல் இணங்கினார். அந்தக் கணவரும் இறந்து, மூன்றாவது திருமணமும் முடிந்து, 1212-இல் மறுபடி விதவையானபோது அவர் முந்திக்கொண்டார். தன் சொந்தச் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளவும், இனி யாரையும் மணக்கும்படி கட்டாயப்படுத்தாமல் இருக்கவும் மன்னருக்கு 5,000 மார்க் தருவதாக ஒப்புக்கொண்டார்.

தனியாக இருப்பதற்கு ஒரு பெண் கொடுத்த விலை இது. 1215-இல் பிரபுக்கள் ஜான் மன்னரை மடக்கி எழுதி வாங்கிய மாக்னா கார்ட்டா என்ற உரிமைப் பட்டயத்தில் இந்த விஷயம் வருவதில் ஆச்சரியமே இல்லை. கணவனில்லாமல் வாழ விரும்பும் விதவையை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது எட்டாவது பிரிவு. ஆனால் ஆறாவது பிரிவைக் கவனித்துப் படிக்கவேண்டும். வாரிசுகளை அந்தஸ்துக்குக் குறைந்த இடத்தில் கட்டிக்கொடுக்கக் கூடாது, திருமணத்துக்கு முன் நெருங்கிய உறவினர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. உறவினருக்குச் சொல்லவேண்டும். பெண்ணிடம் கேட்கவேண்டும் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை.

பெண்ணிடம் கேட்கவேண்டும் என்று சொன்னது வேறொரு இடம்: திருச்சபை. 12-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், மூன்றாம் அலெக்சாண்டர் போப்பாக இருந்த காலத்தில், ஒரு திருமணத்தை ஆக்குவது மணமக்களின் வாய்ச்சொல்தான் என்ற கொள்கை உறுதியானது. "உன்னை என் கணவனாக ஏற்கிறேன்" என்று நிகழ்காலத்தில் சொல்லிவிட்டால் திருமணம் முடிந்தது. பெற்றோர் அனுமதி இல்லாவிட்டாலும், மன்னர் அனுமதி இல்லாவிட்டாலும், அது செல்லும். பெண்ணுக்கு 12 வயதும் ஆணுக்கு 14 வயதும் ஆகியிருந்தால் போதும்.

கேட்கும்போது விடுதலை மாதிரி இருக்கிறது. பெண்ணின் கையில் ஒரு சொல் கிடைத்தது உண்மை. கூடவே ஓர் ஆபத்தும் வந்தது. ஒரு சொல்லில் திருமணம் முடிந்துவிடும் என்றால், அந்த ஒரு சொல்லை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டால் போதுமே. அவளைத் தூக்கிக்கொண்டு போய், ஒரு பாதிரியாரை நிறுத்தி, சொல்லவைத்துவிட்டால் அவள் நிலம் உன்னுடையது. 1152-இல், பிரான்சின் தென்மேற்கில் உள்ள அகித்தேன் நாட்டுக்குச் சொந்தக்காரியான எலியனோர், பிரெஞ்சு மன்னருடனான மணம் ரத்தாகி வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே இரண்டு பேர் அவரைப் பிடிக்கப் பார்த்தார்கள். ஒருவர் புளுவா நாட்டுக் கோமகன். இன்னொருவர் ஆன்ஷு குடும்பத்தின் இளைய மகன் ஜெஃப்ரி. எலியனோர் தப்பிச் சென்று, எட்டு வாரங்களில் அந்த ஜெஃப்ரியின் அண்ணன் ஹென்றியை மணந்துகொண்டார். பாதுகாப்புக்கு அதைவிட வேகமான வழி அவருக்கு இருந்ததா என்ன?

இந்தப் பட்டியலில் என் மனதை அதிகம் பிடித்து வைத்திருப்பவர் எலிசபெத் தெ கிளேர். 1308-இல், 13 வயதில், அயர்லாந்தின் அல்ஸ்டர் பிரபுவின் மகனுக்கு மணமுடித்தார்கள். 1313-இல் கணவர் இறந்தார். அது வரைக்கும் அவர் பெரிய சொத்துக்காரி இல்லை. அடுத்த வருடம் ஸ்காட்லாந்தின் பானக்பர்ன் போர்க்களத்தில் அவருடைய அண்ணன், க்ளோஸ்டர் பிரபு கில்பர்ட், பிள்ளை இல்லாமல் மாண்டார். ஒரே நாளில் எலிசபெத்தும் இரண்டு அக்காமாரும் இங்கிலாந்தின் மிகப்பெரிய வாரிசுப் பெண்கள் ஆகிவிட்டார்கள். மன்னர் இரண்டாம் எட்வர்டு, இவர்களின் தாய்மாமன், எலிசபெத்தை அயர்லாந்திலிருந்து வரவழைத்து பிரிஸ்டல் கோட்டையில் வைத்தார். 1316-இல் தியபால்டு தெ வெர்டன் என்ற பிரபு அங்கிருந்து அவரைக் கொண்டுபோய் மணந்துகொண்டார். விசாரணையில் அவர் சொன்ன பதில்: அயர்லாந்திலேயே எங்களுக்கு நிச்சயமாகிவிட்டது, கோட்டைக்கு வெளியே அவளே வந்துதான் என்னைச் சந்தித்தாள். கடத்தியவர்கள் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் சொல்கிற பதில்தான் இது. சில நேரம் உண்மையாகவும் இருக்கிற பதில்.

ஆறு மாதத்தில் அவரும் இறந்துவிட்டார். எலிசபெத் அப்போது கர்ப்பிணி. மன்னர் மறுபடி எழுதுகிறார், தன் ஆசைக்குரிய ரோஜர் டமோரி என்ற வீரரை மணந்துகொள்ளும்படி. 1317-இல் அதுவும் நடந்தது. 1322-இல் ரோஜர், மன்னருக்கு எதிரான கலகத்தில் சேர்ந்து இறந்தார். அப்போது எலிசபெத்துக்கு வயது 27 கூட நிறையவில்லை. மூன்று முறை விதவை. அதற்கப்புறம் அவர் யாரையும் மணக்கவில்லை. கற்பு விரதம் ஏற்று, 38 வருடங்கள் தன் நிலத்தைத் தானே ஆண்டார். 1338-இல் கேம்பிரிட்ஜில் நலிந்துகொண்டிருந்த ஒரு கல்லூரியை எடுத்து நிலைநிறுத்தினார். இன்றும் அவர் குடும்பப் பெயரில் கிளேர் கல்லூரி என்று நிற்கிறது.

இப்போது சிலான்ஸிடம் திரும்பலாம். எலிசபெத்தின் வாழ்க்கைக்கு அடியில் ஓடும் அதே பயம்தான் காடோரையும் எஃபெமியையும் மகளுக்கு வேட்டி சட்டை மாட்டவைக்கிற மாதிரியான காரியத்தைச் செய்யவைத்தது. எஃபெமியே ஒரு பிரபுவின் ஒரே மகள், நாட்டிலேயே தேர்ந்த மருத்துவர். டிராகனின் விஷம் ஏறிக் கிடந்த காடோரை அவள்தான் குணப்படுத்தினாள். இருவரும் காதலைச் சொல்ல முடியாமல் தவிக்கும் காட்சி இந்தப் பாடலின் மிக இனிய பகுதி. "என்னிடம் பேசு" என்று சொல்ல நினைத்து, நாக்குத் தடுமாறி "ஐயோ" என்று வந்துவிடுகிறது அவளுக்கு. இப்படி ஆசையாக இணைந்த இருவரின் மகள் பிறக்கும்போது நிலம் போய்விடும் என்று சட்டம் சொல்கிறது. அதனால் காட்டுக்குள் தனியே ஒரு வீடு, வளர்க்க ஒரு விசுவாசமான அதிகாரி, அந்த மருத்துவச்சிப் பெண். வெயிலில் தோல் கறுக்கவேண்டும், குதிரை ஏறவேண்டும், மல்யுத்தம் பழகவேண்டும்.

விவரம் தெரிந்த வயதில் தகப்பன் உண்மையைச் சொல்கிறான். 12 வயதில் இயற்கை வந்து "உன்னைச் செதுக்கியது நான், போய் ஊசி நூல் எடு" என்று அழைக்கிறாள். வளர்ப்பு அவளை விரட்டுகிறாள். சிலான்ஸ் யோசித்துப்பார்த்து ஒரு முடிவுக்கு வருகிறாள்: மேலே இருக்கிறேன், எதற்காகக் கீழே இறங்கவேண்டும்? அத்தோடு, என் வாய் முத்தத்துக்கு மிகக் கரடாகிவிட்டது, என் கைகள் அணைப்புக்கு முரடாகிவிட்டன என்றும் சொல்லிக்கொள்கிறாள். பன்னிரண்டு வயது என்பது திருச்சபைக் கணக்கில் பெண்ணின் திருமண வயது என்று தெரிந்து படிக்கும்போது இந்த இடம் வேறு மாதிரி கனக்கிறது. அவள் மறுப்பது ஊசி நூலை மட்டும் இல்லை.

அப்புறம் அவள் செய்வது எனக்கு மிகவும் பிடித்தமானது. கோட்டைக்கு வந்த இரண்டு பாணர்களோடு இரவில் ஓடிப்போகிறாள். காரணம் காதலும் இல்லை, சாகச ஆசையும் இல்லை. மன்னன் செத்துச் சட்டம் மாறினால் என்னிடம் பெண்ணுக்குரிய எந்தக் கலையும் இருக்காது. போர்த்தொழிலில் தோற்றாலும் கையில் ஒன்றும் இருக்காது. யாழ் கற்றால் இரண்டு வழிக்கும் உதவும். எதிர்காலத்தை இவ்வளவு நிதானமாகக் கணக்குப் போடும் நாயகி அந்தக் காலத்துக் கதைகளில் அபூர்வம். கற்றுத் தேர்ந்து, கற்பித்தவர்களையே மிஞ்சுகிறாள். பொறாமையில் அவர்கள் கொல்லத் திட்டமிட, தப்பி வீடு திரும்புகிறாள். அதற்குள் பிள்ளையை இழந்த தகப்பன், தன் நாட்டில் கால்வைக்கும் பாணர் எவருக்கும் மரணம் என்று ஆணையிட்டிருக்கிறான்.

ஆணாக இருந்தும் ஆபத்து விடவில்லை. அரண்மனைக்குப் போகிறாள், அரசி எஃபெம் அந்த அழகிய இளைஞன்மேல் ஆசைப்படுகிறாள். தாயின் பெயர் எஃபெமி, அரசியின் பெயர் எஃபெம். ஓர் எழுத்துதான் வித்தியாசம். சிலான்ஸ் மறுக்க, அரசி தன் முடியைத் தானே பிய்த்துக்கொண்டு, பலாத்காரம் செய்ய வந்தான் என்று பழி சுமத்துகிறாள். பிரான்சுக்கு அனுப்பும்போது, கடிதத்தை மாற்றிக் கொலைக் கடிதம் வைக்கிறாள். கவிஞர் அரசியைக் கொடியவளாகவே காட்டுகிறார். ஆனால் அதே கவிஞர்தான் தொடக்கத்தில் இன்னொன்றையும் சொல்லியிருக்கிறார். இவள் நார்வே மன்னனின் மகள். இரண்டு நாடுகளுக்கும் இடையே நடந்த போரை நிறுத்த, சமாதானத்தின் விலையாக எபேனுக்குக் கொடுக்கப்பட்டவள். அவளிடம் யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை.

கடைசியில் அரசி, முடியாத வேலை ஒன்றைக் கொடுத்து ஒழித்துக்கட்டப் பார்க்கிறாள். காட்டில் திரியும் மந்திரவாதி மெர்லினைப் பிடித்து வரவேண்டும். பெண்ணின் தந்திரத்தால் மட்டுமே அவனைப் பிடிக்கமுடியும் என்று ஒரு வாக்கு உண்டு. சிலான்ஸ் இறைச்சி சுட்டு, தேனும் பாலும் ஒயினும் வைத்துப் பிடித்துவிடுகிறாள். பிடித்ததே அவளைக் காட்டிக்கொடுக்கிறது. அவைக்கு வந்த மெர்லின் சிரிக்கிறான். ஏன் என்று மன்னன் மிரட்டிக் கேட்க, எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறான்: இந்த வீரன் ஒரு பெண், அரசியோடு எப்போதும் இருக்கும் அந்தக் கன்னியாஸ்திரி ஓர் ஆண். அரசிக்கும் அவள் காதலனுக்கும் மரணம். அரசியைக் குதிரைகளில் கட்டி இழுத்துக் கொல்கிறார்கள்.

மன்னன் மனம் மாறி, பெண்களுக்குச் சொத்துரிமையைத் திருப்பித் தருகிறான். பிறந்ததிலிருந்து அவளை மறைந்து வாழவைத்த சட்டம் ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. போன அதே நேரத்தில் சிலான்ஸ் கார்ன்வாலின் வாரிசுப் பெண் ஆகிறாள். வாரிசுப் பெண் என்றால் அவளை யாருக்குக் கொடுப்பது என்பது மன்னனின் கையில். மன்னன் தனக்கே எடுத்துக்கொள்கிறான். பெண்ணாகப் பிறந்ததற்காக அவளிடமிருந்து நிலத்தைப் பறித்தவனுக்கே, பெண் என்று தெரிந்ததும் நிலமும் சேர்ந்து அவளும் போய்ச் சேர்கிறார்கள். இயற்கை மூன்று நாள் உட்கார்ந்து, வெயில் கறுத்த அவள் தோலைத் தேய்த்து ரோஜாவும் லில்லியும் பூசுகிறாள். "உஸ்" போய் "ஆ" வருகிறது.

அதற்கு முன், அவை நடுவே நின்று அவள் தன் கதை முழுவதையும் மன்னனிடம் சொல்லி முடிக்கும்போது, இனி மௌனமாக இருப்பதில் எனக்கு அக்கறை இல்லை, உங்கள் விருப்பப்படி என்னைச் செய்துகொள்ளுங்கள் என்கிறாள். அதற்குப் பிறகு பாட்டு முடியும்வரை அவள் வாயிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை.